ஒரே பசி: தாது வருஷப் பஞ்சமும் ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற பழியும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பசி. சேரியில் பிறந்தவர்களுக்குப் பசி என்றால் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கிறிஸ்தவ மேடைகளில் பசி இரண்டாகப் பிரித்துப் பேசப்படுகிறது. ஒன்று வயிற்றுப் பசி, மற்றொன்று ஆன்மப் பசி. முதலாவது தாழ்ந்தது, இரண்டாவது உயர்ந்தது என்று ஒரு தரவரிசையும் சேர்ந்தே வருகிறது. தலித் மக்கள் கிறிஸ்தவத்துக்குப் போன வரலாற்றை எல்லோரும் இந்தத் தராசில் வைத்துத்தான் நிறுத்திருக்கிறார்கள். ‘சோற்றுக்காக வேதத்துக்குப் போனவர்கள்’ என்ற பேச்சை நம்மில் பலர் ஊரிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டே வளர்ந்தோம். ஆங்கிலம் அறிந்தவர்கள் அதையே கொஞ்சம் நாகரிகமாக ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்றார்கள்.

இந்தத் தராசு யாருடையது, அதில் யார் நிறுக்கப்பட்டார்கள், யார் ஒருபோதும் நிறுக்கப்படவில்லை என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

வேதத்தில் பசி

முதலில் வேதத்தையே பார்த்துவிடுவோம். இயேசு பாக்கியவான்கள் என்று வாழ்த்திய செய்தி இரண்டு சுவிசேஷங்களில் இருக்கிறது. லூக்காவில், பசியோடு எதிரில் நிற்கும் ஏழைகளையே அவர் வாழ்த்துகிறார். அதே மூச்சில், வயிறு நிறைந்தவர்களை எச்சரிக்கிறார். மத்தேயுவிலோ அந்தப் பசி நீதிக்கான பசியாகிறது. பின்னால் வந்த பிரசங்கிகளில் பலர் மத்தேயுவின் சொல்லைப் பிடித்துக்கொண்டு லூக்காவின் வயிற்றை விட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே நூலில்தான் இருக்கின்றன. கூலி மறுக்கப்பட்டவனுக்கு நீதிப் பசியும் சோற்றுப் பசியும் வேறு வேறல்ல என்று அவற்றைச் சேர்த்து வாசித்தால் தெரியும்.

இன்னொரு காட்சி வனாந்தரத்தில் நடக்கிறது. நாற்பது நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம், கல்லை அப்பமாக்கு என்று சோதனைக்காரன் சொல்கிறான். மனிதனுக்கு அப்பம் மட்டும் போதாது என்று அவர் மறுக்கிறார். இந்த வசனத்தைத்தான் ஏழைகளிடம் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் அதைச் சொன்னவர் யார்? தானே பட்டினி கிடந்தவர், தன் பசியைப் பற்றித் தனக்காகச் சொல்லிக்கொண்டது அது. ஐயாயிரம் பேர் பசியோடு புல்வெளியில் உட்கார்ந்திருந்தபோது அவர் இந்த வசனத்தை அவர்களிடம் சொல்லவில்லை. சீடர்கள் கூட்டத்தைக் கலைத்து அனுப்பிவிடலாம் என்றபோது, நீங்களே சாப்பிடக் கொடுங்கள் என்றார். அப்பத்துக்காக என்னைத் தேடுகிறீர்கள் என்று யோவான் சுவிசேஷத்தில் அவர் கடிந்துகொள்வதும் உண்மைதான். ஆனால் அது மறுநாள் பேச்சு. முதல் நாள் எல்லோரும் சாப்பிட்டு, மீந்ததைப் பன்னிரண்டு கூடைகளில் எடுத்த பிறகு வந்த பேச்சு.

யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் நேரடியானது. உடையும் உணவும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானமாய்ப் போய்ப் பசியாறு என்று வாயால் வாழ்த்திவிட்டு எதுவும் கொடுக்காதவனின் விசுவாசம் செத்தது என்கிறார் அவர். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பட்டினியாக நின்றார்கள். இது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று பவுல் சாடினார். அந்தியோகியாவில் புறஜாதியாருடன் உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, யூதச் சகோதரர்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார். ஆக, முதல் நூற்றாண்டிலேயே சபை சந்தித்த பெரிய சண்டைகளில் ஒன்று, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது. இந்தச் சண்டை தமிழகத்துக்கு வந்தபோது என்ன ஆனது?

தரங்கம்பாடியில் பந்தி

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிவிட்டது. ஆனால் ஆலயத்துக்குள் சாதிக்கொரு இடம் இருந்தது. 1733இல் வெள்ளாளரான ஆரோன், சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயர் எழுந்தது. தஞ்சை மன்னர் படையில் வீரராக இருந்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தமிழ்ச் சுவிசேஷத்தைத் தானே வாசித்து இந்தச் சபைக்கு வந்தவர். தஞ்சாவூர்ப் பகுதியில் சபைகளைக் கட்டி எழுப்பிய உபதேசியார் அவர். சாதியால் பறையர்.

அவருடைய தகுதியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கையால் திருவிருந்தைக் கொடுத்தால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தத் திருவிருந்தையே மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆன்மப் பசிக்கான உணவு என்று சபை எதைச் சொன்னதோ, அந்த அப்பம் ஒரு தலித்தின் கை பட்டால் தீட்டு என்று ஞானஸ்நானம் பெற்றவர்கள் நினைத்தார்கள். சபையும் அதற்கு இணங்கிப்போனது. அந்த வெள்ளாளக் கிறிஸ்தவர்களுடைய ஆன்மப் பசி உண்மையானதுதானா என்று எவரும் கேட்கவில்லை.

இதற்கு எதிர்ப்பு சபைக்குள்ளிருந்தே எழுந்ததையும் சொல்ல வேண்டும். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். புகழ்பெற்ற கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கங்களை ஆதரித்து எழுதியவர்தான். 1840களில் மதுரை அமெரிக்க மிஷன், எல்லோரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை ஊழியர்களுக்குச் சோதனையாக வைத்தது. சாப்பிட மறுத்த உபதேசியார்கள் பலர் வேலையை விட்டு நின்றார்கள். சம்பளம் போனாலும் போகட்டும், பறையர் சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்றார்கள். சாதியிடம் சிலர் காட்டும் பக்தி வயிற்றையும் வென்றுவிடும் என்பதற்கு இது சாட்சி.

தாது வருஷம்

இந்தப் பின்னணியோடு 1876க்கு வருவோம். தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். பருவமழைகள் பொய்த்தன. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. மிக மோசமாக அடிபட்டது சென்னை மாகாணம். மழை இல்லாதது முழுக் காரணம் அல்ல. தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. ஏற்றுமதி நிற்கவில்லை. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டெல்லியில் கோலாகலமாக நடந்தது.

அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் விதித்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்த அளவில் கடும் உடலுழைப்புச் செய்தால் மனிதர்கள் மெல்லச் சாவார்கள் என்று எதிர்த்து எழுதினார். பசியை அளந்து பார்க்கும் தராசை அரசும் கையில் எடுத்திருந்தது.

செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், பண்ணையாட்கள், நெசவாளர்கள், தோல் வேலை செய்தவர்கள். நெல்லைப் பகுதியில் இந்த ஆண்டுகளில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் நாடார்கள், சபைகளில் சேர்ந்தார்கள். அங்கே 1877இல் ஆயராக அபிஷேகம் பெற்ற கால்டுவெல், படிப்பறிவற்ற கிராம மக்களிடம் தொடக்கத்திலேயே உயர்ந்த நோக்கங்களை எதிர்பார்க்க முடியாது என்ற கருத்துப்பட எழுதினார். அவர் அதை மக்களுக்காகப் பரிந்துதான் எழுதினார். ஆனால் அந்தப் பரிவுக்குள்ளும் அதே தராசு இருக்கிறது.

ஓங்கோலில் நடந்தது

‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற பழியைச் சோதித்துப் பார்க்கச் சரியான இடம், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த, இன்று ஆந்திரத்தில் உள்ள ஓங்கோல். அங்கே தோல் தொழில் செய்த மாதிகா மக்கள் பெருந்திரளாகக் கிறிஸ்தவரானார்கள். பஞ்சத்தில் சோறு போட்டு மதம் மாற்றியதற்கு உதாரணமாக இதைச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

இந்த இயக்கம் பஞ்சத்தில் தொடங்கவில்லை. எர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகர், தோல் வியாபாரி, ராஜயோக மரபில் குருவைத் தேடி அலைந்தவர். 1866இல், பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்னால், அவர் ஞானஸ்நானம் பெற்றார். தன் சொந்தக்காரர்களின் பல்லிகளில் ஊர் ஊராக நடந்து பேசினார். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் க்ளோ ஓங்கோலில் காலூன்றியபோது, தன்னிடம் படிக்க வந்த சாதி மாணவர்கள், மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். க்ளோ மாதிகர்களைச் சேர்த்துக்கொண்டார்.

சேர்ந்தவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று. ஞாயிறு வேலை செய்யக் கூடாது. செத்த மாட்டுக் கறி உண்ணக் கூடாது. சிலை வணக்கம் கூடாது. இதன் பொருளாதாரத்தைப் பாருங்கள். செத்த மாட்டுக் கறி அந்த மக்களுக்குக் கிடைத்த ஒரே புலால். திருவிழாக்களில் தப்பு அடிப்பது ஊர்க் கடமை, அதற்குத் தானியம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நிலத்தில் இறங்க மறுத்தால் பண்ணையார் விடமாட்டார். வேலை நிறுத்தம், அடி, ஊர்க் கிணறும் கடையும் மறுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. அரிசிக்காகப் போனார்கள் என்று பழிக்கப்பட்டவர்கள், போனதால் இழந்தது உணவைத்தான்.

பஞ்சம் வந்தது. அரசு பக்கிங்காம் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. மற்ற பகுதிகளில் சாதிக் கங்காணிகளிடம் மாதிகர்கள் படும் பாட்டைக் கண்ட க்ளோ, கால்வாயின் சில மைல் நீளத்தைத் தானே ஒப்பந்தம் எடுத்தார். மாதிகா உபதேசியார்களையே கங்காணிகளாக நியமித்தார். பட்டினியோடு வந்தவர்கள் மண் வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள், மாலையில் உட்கார்ந்து பேசினார்கள். பாரம் சுமப்பவர்களை இளைப்பாற அழைக்கும் இயேசுவின் சொல்லை மண்கூடை சுமந்தவர்கள் அங்கே கேட்டார்கள்.

பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். க்ளோ மறுத்தார். நிவாரணப் பணம் கையில் இருக்கும்வரை ஒருவருக்கும் இல்லை என்று ஓராண்டுக்கும் மேலாக நிறுத்திவைத்தார். 1878 நடுவில் பஞ்சம் தணிந்தது, வேலை முடிந்தது. கொடுக்க இனி அவரிடம் ஒன்றுமில்லை. அப்போதும் மக்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றங்கரையில், வெல்லம்பள்ளியில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியது.

அரிசி இருந்தபோது கதவு மூடியிருந்தது. அரிசி தீர்ந்த பிறகு திறந்த கதவுக்குள் இத்தனை பேர் நுழைந்தார்கள். எதைத் தேடி? தங்கள் ஆளே கங்காணியாக நின்று, வசையில்லாமல் கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்ததை அவர்கள் கண்டார்கள். கூலியும் மரியாதையும் ஒரே கையிலிருந்து வந்தன. இதில் எது உடல் பசி, எது ஆன்மப் பசி என்று அந்த மக்கள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இதைச் சொல்வதால் க்ளோவைக் கொண்டாடிவிட்டுப் போக வேண்டாம். அவர் ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்ததற்குப் பின்னால் இருந்ததும் அதே சந்தேகம்தான். நோக்கத்தை நிரூபிக்கும்படி பசித்தவர்களிடம் மட்டுமே கேட்டார்கள். பதவிக்காக, படிப்புக்காக, வெள்ளையர் நட்புக்காக மிஷன் வாசலுக்கு வந்த சாதிக்காரர்களை அந்த அளவுக்கு எவரும் காக்க வைத்ததில்லை. செத்த மாட்டுக் கறியையும் தப்பையும் அசுத்தம் என்று தள்ளியதில் ஊரின் அருவருப்பும் சேர்ந்தே மிஷனுக்குள் வந்ததா என்றும் நாம் கேட்க வேண்டும்.

நிலம் என்ற அப்பம்

பஞ்சம் போனது. பஞ்சத்தை உண்டாக்கிய ஏற்பாடு போகவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசு முறை அவர்களை நிலம் வாங்கவிடாமல் தடுக்கிறது, குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே துரத்தலாம் என்று அதில் பதிவானது. மெதடிஸ்ட் மிஷனரி கவுடி, ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றோர் அதே பிரச்சினையை அரசின் முன் வைத்தார்கள், தர்க்காஸ்து மனு போடும் மக்களுக்குத் துணை நின்றார்கள். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான்.

ஜெபத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்த சபைக்கு, அப்பம் நிலத்திலிருந்துதான் வருகிறது என்பது அங்கே சற்று விளங்கியது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது தனி வரலாறு. அதை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிரிழந்தார்கள். இந்த இரு பெயர்களையும் நாம் எப்போதும் சேர்த்தே சொல்கிறோம். எது யாருடைய மதத்தின் பெயர் என்று பிரித்துப் பார்த்து அஞ்சலி செலுத்துவதில்லை. நிலப் பசிக்கு அந்தப் பிரிவு கிடையாது.

காந்தியும் அம்பேத்கரும்

1935இல் இயோலாவில் அம்பேத்கர் மதம் மாறும் முடிவை அறிவித்த பிறகு, தராசு மறுபடி வெளியே வந்தது. 1936 இறுதியில் ஜான் மாட் என்ற கிறிஸ்தவத் தலைவரோடு நடந்த உரையாடலில், ஒரு பசுவிடம் சுவிசேஷம் சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். இயேசுவா முகமதுவா என்று பிரித்தறியும் ஆற்றல் அரிஜனங்களில் பலருக்கு இல்லை என்பது அவர் வாதம். உங்களுக்கு வயிறு உண்டு, ஆன்மா இன்னும் வளரவில்லை என்பதே இதன் பொருள்.

அதே ஆண்டு மே 31 அன்று பம்பாய் மாநாட்டில் அம்பேத்கர் பேசியதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதமாற்றத்துக்குச் சமூகப் பக்கமும் உண்டு, சமயப் பக்கமும் உண்டு. உலகியல் பக்கமும் உண்டு, ஆன்மிகப் பக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். மதம் மாறும் தீண்டப்படாதாரின் நோக்கத்தை மட்டும் சோதிப்பவர்கள், தங்கள் மதம் பரம்பரைச் சொத்தாகக் கைக்கு வந்ததை மறந்துவிடுகிறார்கள் என்றும் வேறோர் இடத்தில் சுட்டிக்காட்டினார். பசித்தவனின் மானத்தைப் பேச வந்தவர், பசியையும் மானத்தையும் பிரித்துப் பேசவில்லை.

சட்டத்தின் தராசு

இது பழைய கதை என்று மாணவ நண்பர்கள் நினைக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை.

1985இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சூசை வழக்கு சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஒருவருடையது. செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம். அதே வெயில், அதே ஊசி, அதே தோல். பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவருக்குக் கடை கிடைக்கும், இவருக்குக் கிடைக்காது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், மனதார நம்பாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்ற தீர்ப்பு வந்தது. போனால் அரிசிக்காகப் போனாய். திரும்பினால் வேலைக்காகத் திரும்பினாய். தலித்தின் ஆன்மாவை மட்டும் நாடு விடாமல் விசாரித்துக்கொண்டே இருக்கிறது.

சபையும் தப்பிக்க முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. கல்லறையில் தனி வரிசை, தேர்த் திருவிழாவில் தனித் தெரு என்று நம் ஊர்களில் இன்னும் நடப்பவை உங்களுக்குத் தெரியும். ராஜநாயக்கனின் கை இன்னும் வெளியேதான் நீண்டிருக்கிறது.

ஒரே உலை

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்தார். பரட்டை அண்ணன் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். மிஷன் தள்ளிவைத்த பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திருவிருந்துக்கு அவர் கண்ட உருவகம் ஒரே உலை. அவரவர் வைத்திருப்பதைக் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டுப் பொங்கி, எல்லோரும் சேர்ந்து உண்பது. இந்த உருவகத்தை அவர் நம் சனங்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்தார்.

ஒரே உலையில் வெந்த சோற்றை, இது வயிற்றுக்கு, இது ஆன்மாவுக்கு என்று பிரித்துப் பரிமாற முடியாது. தாது வருஷத்தில் மண் சுமந்தவர்களுக்கும், ஆற்றங்கரையில் வரிசையில் நின்றவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. பந்தியில் நமக்கு இடம் மறுத்தவர்களுக்குத்தான் பசி இரண்டாகத் தேவைப்பட்டது.

எனவே மாணவ நண்பர்களே, அடுத்தமுறை யாராவது உங்கள் பாட்டனைச் சோற்றுக்காக மதம் மாறியவர் என்றால், வெட்கப்பட வேண்டாம், மறுத்து மன்றாடவும் வேண்டாம். ஆம், அவருக்குப் பசித்தது என்று சொல்லுங்கள். அவர் பசித்திருந்தபோது உன் பாட்டன் பந்தியில் அவருக்கு இலை போட்டாரா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெய் பீம்.